கோச்சடை மேட்டில் நின்ற உன் வண்டி

மாப்ள,

துவைத்துப் போட்டும் கைக்குட்டையில் டீசல் வாடை போகவில்லை. உன் வண்டியின் புகைக்குழாயில் அதைப் பிடித்துப் பார்த்து, கரி கக்குகிறது என்று நான் தலையை ஆட்டியபோது ஒட்டியது.

நம் கூட்டத்தில் எவன் பழைய கார் வாங்கினாலும், விவரம் தெரிந்த ஆளென்று உன்னைத்தானே கூட்டிப்போவார்கள். நீ ஆயில் மூடியைத் திறப்பாய், கியரைப் போட்டுப் பார்த்து "பல்லு கடிக்குதுடா" என்பாய். நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுவேன். வாங்குகிறவன் செலவில் கறிதோசை தின்பேன். நீ கண்ணை மூடியபின் அந்தப் பதவி எனக்கு வந்துவிட்டது. ஆமாம் போட்டவனுக்கும் வண்டி தெரியும் என்று ஊரே நம்பினால் நான் என்ன செய்ய?

எனக்குத் தங்கச்சி முறையான உன் சம்சாரமும் நம்பியது. வேலைக்குச் சோழவந்தான் போய்வர உன் வண்டியையே வைத்துக்கொள்ளவா, இல்லை அதைத் தள்ளிவிட்டு, தல்லாகுளத்தில் விற்பனைக்கு நிற்கிற சின்ன காரை வாங்கவா என்று கேட்டது. "நீங்க சொன்னாச் சரிண்ணே."

இரண்டையும் பார்த்தேன். வாய் கூசாமல் தீர்ப்பும் சொன்னேன். அது பெட்ரோல், பூனை மாதிரி என்ஜின். இது டீசல், இளைத்துவிட்டது. அதில் முன்சக்கரம் இழுக்கும். இதில் பின்சக்கரம் தள்ளும், மழையில் வழுக்கும். அதில் கியர் தானாக மாறும். இதில் கிளட்ச் தேய்ந்துபோச்சு, பொம்பளப்பிள்ளை கால் தாங்காது. இவ்வளவும் எதற்கு? உன் வண்டியை யாருக்கும் வேண்டாததாக்கி, நானே எடுத்துக்கொள்ளத்தான். உன் சீட்டில் உட்கார எனக்கு அம்புட்டு ஆசை.

தங்கச்சி மறுத்துப் பேசவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டது. கோச்சடையில் ஆற்றங்கரை மேடு ஏறும்போது வண்டி அணைந்தது. மறுபடி எடுத்தேன்; பின்னால் உருண்டு அணைந்தது. பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரன், "அண்ணே, லைசென்ஸு தபால்ல வந்துச்சா?" என்றான். அந்த ஆட்டோவில் எங்கள் தெரு இட்லிக்கடை அம்மா வேறு உட்கார்ந்திருந்தது. சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது.

"எறங்குங்கண்ணே."

இடம் மாறி உட்கார்ந்தோம். தங்கச்சி கைபிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டது. வண்டி முனகாமல் மேடேறியது. ஏதோ மைதானத்தைச் சுற்றுகிற அளவுக்குத்தான் ஓட்டப் பழக்கியிருப்பாய் என்று நினைத்திருந்தேன், பாவி.

மேலே போய் ஓரமாக நிறுத்தியது. "வண்டி வேணும்னா கேட்டிருக்கலாம்லண்ணே" என்றது. கோபம் இல்லை.

வண்டி உன் வீட்டிலேயே நிற்கிறது, கவலைப்படாதே. வாசலில் இறங்கி நழுவப் பார்த்தவனை, "காபி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிட்டது. வெட்கங்கெட்டவன், போய்க் குடித்தேன். அந்த 'அண்ணே'யில் மரியாதை ஒரு சொட்டுக் குறையவில்லை, மாப்ள. திட்டியிருந்தால் அங்கேயே உதறிவிட்டு வந்திருப்பேன். இதைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.