சுவருக்கு அப்புறம்

உன் தைலப் புட்டி இன்னும் என் காரில்தான் கிடக்கிறது, கியருக்குப் பக்கத்துக் குழியில். இன்று மாலை ஃபெடரல் ஹைவேயில் மழையோடு மாட்டிக்கொண்டபோது மூடியைத் திறந்தேன். கார் முழுக்க உன் வாசனை.

எரிச்சலான நாள். அலுவலகத்தில் காலையிலிருந்தே கத்தல். கிள்ளானை விட்டுக் கிளம்பினால், சுபாங் பக்கம் ஏதோ லோரி குறுக்கே நின்றுவிட்டதாம், ஒரு வண்டி நகரவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் என் பக்கக் கண்ணாடியை இடித்து மடக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ இருந்திருந்தால், "அவன் ஹெல்மெட் போட்டிருக்கான்டி, ஒண்ணும் கேக்காது. நெத்தியில தடவிக்கோ" என்று புட்டியை நீட்டியிருப்பாய். நானே தடவிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பிப் படுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் அரங்கில் இன்று, நாம் சேர்ந்து கடைசியாகப் பார்த்த அந்த நாடகத்தை மறுபடி போடுகிறார்கள்.

நம் ஏற்பாடு நினைவிருக்கிறதா? ஒரே அலுவலகத்தில் நாளெல்லாம் மாரடித்துவிட்டு, ஜாமில் நசுங்கி வந்து, ஏர்கான் போட்ட அரங்கில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் கண் சொக்காது? அதனால் பங்கு பிரித்துக்கொண்டோம். முதல் பாதியை ஒருத்தி பார்ப்பாள், மற்றவள் தூங்குவாள். இடைவேளையில் இடித்து எழுப்பி, ஆள் மாறுவோம். திரும்பும் வழியில் அவரவர் பாதியைச் சொல்ல வேண்டும். நீ கதையை எடுத்தாலே முதலில் சேலைதான். யார் என்ன நிறம், என்ன கரை. "அடியே, கதைக்கு வாயேன்" என்று நான் ஸ்டியரிங்கைத் தட்டுவேன். நாம் முழுதாகப் பார்த்த நாடகம் ஒன்றுகூட இல்லை.

போன வருஷம் இதே நாடகத்தில் முதல் பாதி என்னுடையது. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, அப்பா விட்டுப்போன வீட்டின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். அத்தோடு நான் தூங்கிவிட்டேன். திரும்பும்போது உன் பாதியைக் கேட்டேன். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இன்னைக்கு முடியல லா. மறுபடி போடுவாங்க, நீயே பாத்துக்கோ" என்றாய். வேலைக் களைப்பு என்றுதான் நினைத்தேன். அது நோய் என்று உனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். "சுவர இடிச்சாங்களா, இல்லையா?"

"டிக்கெட் வாங்குடி, கஞ்சப் பிசினாறி" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ அவ்வளவு சிரிக்கவில்லை.

நான் உள்ளே நுழையும்போது இடைவேளை முடிந்து விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், கழுத்தில் அலுவலக அட்டை, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாயைத் திறந்தபடி தூக்கம். எனக்கும் கண் செருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே தைலம் தடவி, எரிச்சலில் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். உன் பாதியை விடக்கூடாது.

சுவரை இடிக்கவில்லையடி. கடைசியில் அண்ணன் அதில் ஒரு ஜன்னல் வைக்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து தம்பி அதன் வழியாகத் தேநீரை நீட்டுகிறான். அவ்வளவுதான். அப்போது வந்த கண்ணீருக்குத் தைலம் காரணமில்லை. இதைச் சொல்ல நீ இருந்திருக்கக் கூடாதா, பாவி?

கைத்தட்டலில் பக்கத்துப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள்.

"அய்யோ, முடிஞ்சிருச்சாக்கா? ரவாங்லேருந்து ட்ரெயின்ல நின்னுக்கிட்டே வந்தேன். சுவரு கட்டுனது வரைக்கும் பாத்தேன், அப்புறம் ஒண்ணும் தெரியல" என்று செருப்பைத் தேடினாள். "பரவால்லக்கா. மறுபடி போட்டா பாத்துக்கலாம்."

எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கிள்ளான் வரை திரும்ப ஓட்ட வேண்டும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"மறுபடியெல்லாம் வேணாம். உக்காரும்மா, சொல்றேன்" என்றேன்.

உட்கார்ந்தாள். கதையை எங்கே தொடங்குவது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் வார்த்தை தானாக வந்தது.

"தம்பி பொண்டாட்டி பச்சை சேலை. மாங்காய்க் கரை."