வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

2025 செப்டெம்பர் 3, புதன்

புதுக்கடை நீதிமன்றத்தில் நாள் முழுக்க வழக்குக் கோப்புகளோடு மாரடிப்பு. சனிக்கிழமை எண்ணெய் ரயில் வரும். பேலியகொடை தாண்டி, இராணுவ முகாமுக்குள் போகும் கிளைப் பாதை. மாதத்தில் முதல் சனி மட்டும் ஒரு ரயில். அதை ஆரும் படம் எடுத்து நான் கண்டதில்லை. படம் எடுக்க ரயில்வேயின் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது.

சாந்தனிடம் சொல்லவில்லை. 2008இல் இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்த மனுசன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன், காவலரணைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கம் மாறித்தான் நடப்பார்.

செப்டெம்பர் 6, சனி



ரயில் வந்தது. பழைய எஞ்சின், நாலு எண்ணெய்ப் பெட்டி, இடுப்பளவு புல்லைத் தள்ளிக்கொண்டு — என்ன வடிவு! ஏழு படம் எடுத்தேன். அதற்குள் ஒரு சிப்பாய் ஓடி வந்து கமராவை வாங்கிவிட்டான். கடிதத்தை நீட்டினேன். பாதையோரம் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறதாம். அதுவரைதான் ரயில்வேக் காணி. அதற்கு அங்கால் முகாமின் காணி, கடிதம் செல்லாது. நான் கல்லைத் தாண்டி நின்றேன் என்கிறான்.

நின்றேனா? விசரி, ரயிலைப் பார்த்தேனே தவிர, கல்லை எங்கே பார்த்தேன்?

அடையாள அட்டையைப் பிரதி எடுத்தார்கள். திங்கள் காலை வரட்டாம். கமரா அங்கேயே.

செப்டெம்பர் 7, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. மத்தியானம் சாந்தனிடம் சொல்லிவிட்டேன். ஏசவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளைக்குத் தனியாகத்தான் போவேன். அவரை அந்த வாசலுக்கு இழுக்கமாட்டேன்.

செப்டெம்பர் 8, திங்கள்

அப்பாடா! மாதாவே, அப்பாடா!

அதிகாரி ஏழு படத்தையும் கணினியில் பெருப்பித்துப் பார்த்தார். எல்லாம் முகாமை நோக்கி எடுத்தவை. எல்லாவற்றிலும் அந்தக் கல் எனக்கு முன்னால் நிற்கிறது! நான் ஒரு அடிகூடத் தாண்டவில்லை. வாசல் தெரிந்த இரண்டை மட்டும் அழித்துவிட்டு, அடுத்தமுறை காவலரணில் சொல்லிவிட்டு எடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் தலையைச் சொறிந்தான்.

வெளியே வந்தால், காவலரண் மர வாங்கில் குந்தியபடி சாந்தன். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். தன் அடையாள அட்டையைத் தானே கொடுத்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்திருக்கிறார். சேட்டெல்லாம் வேர்வை.

“நீர் உள்ளுக்குத் தனிய இருக்கேக்க, நான் எப்பிடி வீட்டில இருக்கிறது, லவினா?”

பஸ் தரிப்பில் நின்று நன்றாக அழுதேன்.

ஒக்டோபர் 4, சனி

காவலரணில் சொல்லிவிட்டு எடுத்தேன். பன்னிரண்டு படம். ஒன்றில் சாந்தன், கல்லுக்குப் பக்கத்தில் குடையோடு. “இதுக்கு அங்கால கால் வைக்காதையும்” என்று நாலு தரம் சொல்லியிருப்பார்.

திரும்பும்போது காவலரண் வந்தது. அவர் றோட்டின் மற்றப் பக்கம் மாறவில்லை.