ஊசி ஆடும் சத்தம்

அக்டோபர் 9, 2004, சனி

இதெல்லாம் நடக்கும் என்று ஆகஸ்டிலேயே சொன்னவன் நான். சிர்க்காவின் பழைய துப்பாக்கி இந்த வருஷம் கைவிட்டுவிடும் என்றேன். கட்டை நெடுக்க விரிசல் விட்டுவிட்டது. வெளிநாட்டுத் துப்பாக்கிச் சரக்கு மலிவாக வந்து இறங்கும் என்றேன், இறங்கிவிட்டது. அவள் கடைசியில் என் வாசலில்தான் வந்து நிற்பாள் என்றேன், வந்து நின்றாள். (ஃபோன்தான் செய்தாள். இரண்டும் ஒன்றுதான்.)

சிர்க்கா என் அக்கா அவ்னேயின் மகள். முப்பத்தொரு வயது, மின்கம்பம் ஏறுகிற வேலை. அவள் அப்பன் ரெய்னோவின் காட்டுக் குடிலில் ஆறு கட்டில்கள். இன்றுவரை ஒரு பெண்ணும் அங்கே படுத்ததில்லை. வசந்தத்தில் கிழவர் ஊனோ போய்ச் சேர்ந்ததும் காலியான கட்டிலை இவளுக்குக் கொடுத்தார்கள். இருபது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கட்டில். நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை திறக்கும்போது கையில் துப்பாக்கி இல்லாமல் நிற்பாளா? மாமன் நான் எதற்கு இருக்கிறேன்?

வாங்கிவிட்டேன். யுகோஸ்லாவியாவில் செய்தது. அந்த நாடே இப்போது இல்லை, துப்பாக்கி இருக்கிறது! விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு; அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். கட்டையில் ஒரு பல் தடம். ஓநாய் கடித்தது என்று கடைக்காரன் சொன்னான். சொல்லவில்லை, ஆனால் அவன் முகத்தில் தெரிந்தது.

அக்டோபர் 17, ஞாயிறு

ராணுவக் கிடங்கில் முப்பது நாற்பது வருஷம் கிடந்த பொருள். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளும் புறமும் தேன்பாகு மாதிரி கிரீஸ் அப்பி அனுப்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் மண்ணெண்ணெயில் முக்கி வாரக்கணக்கில் தேய்ப்பார்கள். எனக்குத்தான் மூளை இருக்கிறதே! அக்கா வீட்டு சானாவில், அதுதான் நீராவிக் குளியல் அறையில், அடுப்பை மூட்டி, துப்பாக்கியை மேல் பலகைக்கு மேலே தொங்கவிட்டேன். ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக உருகி ஓடியது. சானாவில் நூற்றுமுப்பது டிகிரி இருக்கும்.

பலகையெல்லாம் பிசுக்கு. அக்கா கதவைத் திறந்தாள்.

"டேய் ஆர்வோ! மனுஷங்க அம்மணமா உக்கார்ற இடம்டா இது! நாளைக்கு உன் மச்சான் உக்காந்தா எந்திரிக்கவே முடியாது!"

"நல்லதுக்கா. ஒரு இடத்துல இருக்கட்டும் அந்த ஆளு."

கரித்துண்டை எடுத்து எறிந்தாள். குறி தப்பியது. அவர்கள் வீட்டில் குறி வருவது சிர்க்காவுக்கு மட்டும்தான்.

துப்பாக்கியைப் பாகம் பாகமாகக் கழற்றினேன். குண்டின் பின்புறத்தைத் தட்டி வெடிக்க வைக்கிற சுடும் ஊசி, குழலின் பின்வாயை மூடுகிற போல்ட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதையும் உருவி எடுத்து மூன்று தடவை வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்தேன். சானாவுக்குள் வைத்தே போல்ட்டைக் காதருகே குலுக்கினேன். ஊசி கலகலவென்று ஆடியது. சுத்தம்.

சாயங்காலம் சிர்க்கா கேட்டாள். "ஊசி ஆடுதா மாமா? கிரீஸ் இருந்தா அது முன்னால வந்து சிக்கிக்கும். போல்ட் மூடினதுமே தானா வெடிச்சிடும்னு படிச்சேன்."

"சர்ச் மணி கெட்டுது போ! மூணு தடவை கொதிக்க வச்சேன்."

அக்டோபர் 24, ஞாயிறு

சரளைக் குழியில் சுட்டுப் பார்த்தோம். வெயில், சட்டையைக் கழற்றிவிடலாம் போலிருந்தது. நூறு கஜத்தில் பேப்பர் தட்டு. எல்லாக் குண்டும் தட்டுக்கு மேலே போயிற்று. குழல் முனையில் நிற்கிற முன்குறி முள்ளைக் கீழே திருகினேன். இன்னும் மேலே போயிற்று. காற்று அப்படி.

"மாமா, முள்ளை ஏத்தினாத்தான் குண்டு இறங்கும். நீங்க இறக்கிட்டீங்க."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

முள்ளை அவள் ஏற்றினாள். ஐந்து குண்டும் தட்டுக்குள். ஒரு காசால் மூடிவிடலாம். சரி, ஒரு சாஸரால்.

மொத்தம் ஆறு குண்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சட்டம். குண்டுப் பெட்டிக்குள் நானே மரக்கட்டை செதுக்கி வைத்தேன். தோளில் படுகிற இடத்தில் ரப்பர் ஒட்டினேன். கடையில் புதிதாக அடுக்கி வைத்திருக்கும் எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

நவம்பர் 6

தண்ணீர்த் தொட்டி உறைந்துவிட்டது. துப்பாக்கிக்குப் புது வார் வாங்கினேன்.

நவம்பர் 14, ஞாயிறு. குடிலில்.

வந்து சேர்ந்தோம். முழங்கால் பனி. அக்கா கொடுத்தனுப்பிய பேஸ்டி, இறைச்சி அடைத்துச் சுட்டது, ஆளுக்கு இரண்டு. சிர்க்கா ஊனோவின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ரெய்னோ பார்க்காத மாதிரி அடுப்பைக் கிளறினார்.

மானைத் தவறவிட்டவர்களின் சட்டைவால்களை வெட்டிச் சுவரில் அறைந்து வைத்திருக்கிறோம். என்னுடையது ஒன்பது. அதெல்லாம் சிரிப்பு. அதற்கு மேலே ரெய்னோவின் அப்பா பெயின்ட்டில் எழுதியது சிரிப்பில்லை: கைதவறிச் சுட்டவருக்கு இங்கே கட்டில் இல்லை. வயதும் உறவும் பார்க்காத விதி. நாற்பது வருஷத்தில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள், திரும்பியதில்லை.

நவம்பர் 15, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

விடியும் நேரம். பூஜ்யத்துக்கும் கீழே எட்டு டிகிரி. எங்கள் வழக்கப்படி வாசலுக்கு வெளியே, குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டுதான் குண்டு போடுவோம். சிர்க்காவும் அப்படித்தான் போட்டாள். போல்ட்டை விட்டாள். அது மூடியதும், டமால்!

உறைந்த தரையில் பட்டுத் தெறித்த குண்டு குடிலின் சானா புகைபோக்கியைத் துளைத்துப் போயிற்று. ஒரு கல் சில்லு அவள் கன்னத்தைக் கீறியது. கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. மூன்று தையல்.

"விரல் எங்க இருந்துச்சு?" என்றார் ரெய்னோ. கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"வெளியதான்பா. விசைப் பக்கமே போகல."

"பின்ன தானா வெடிச்சுதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துப்பாக்கியைத் தயார் செய்தவன் நான்.

"ஊசிய மூணு தடவை கொதிக்க வச்சேன் மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது? எழுதியும் வைத்திருக்கிறேனே.

சிர்க்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். துப்பாக்கி சுவர் ஆணியில் தொங்குகிறது.

நவம்பர் 16

யாருக்கும் மான் கிடைக்கவில்லை. யாரும் சீட்டும் ஆடவில்லை.

நவம்பர் 17

காலையில் ஒரு மான் என் முன்னால் நின்றது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. சுடவில்லை. ஏன்டா சுடல? தெரியல. விரல் எங்கே இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, வியாழன்

எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு போல்ட்டைக் கழற்றி வெளியே பனியில் வைத்தேன். ஒரு பேஸ்டி தின்கிற நேரம். எடுத்துக் குலுக்கினேன்.

சத்தம் இல்லை.

அடுப்பருகே வைத்துச் சூடாக்கிக் குலுக்கினேன். கலகலவென்கிறது. மறுபடி பனியில் வைத்தேன். ஊமை.

மூன்று தடவை செய்தேன். இந்தத் தடவை நிஜமாகவே மூன்று.

சானா சூட்டில் எதுதான் ஆடாது? அந்தச் சூட்டில் குலுக்கிப் பார்த்துவிட்டு உறைபனியில் அவள் கையில் கொடுத்திருக்கிறேன். இரண்டு விரல் மேலே பட்டிருந்தால்— வேண்டாம்.

நவம்பர் 19, வெள்ளி

ரெய்னோவைத் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். குளிரில் ஒரு தடவை, சூட்டில் ஒரு தடவை.

"அந்த ஊர்க்காரன் கிரீஸ எங்கெல்லாம் ஒளிச்சு வச்சிருக்கான் பாத்தியா மச்சான்? கொதிக்க வச்சும் போகல. புள்ள மேல தப்பில்ல" என்றேன்.

போல்ட்டை வாங்கித் தானே ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார்.

"கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கதை வேணாம். ஊசிய வெளிய எடுத்தியா, இல்லியா?"

நான் சொன்ன பதில்

நவம்பர் 20

வீட்டில். என் பையை ரெய்னோவே வண்டியில் ஏற்றினார். "சுட்டவன்னு எழுதியிருக்கு. சுட வச்சவனும் சுட்டவன்தான்" என்றார். கை கொடுத்தார். இருபத்தாறு வருஷம் படுத்த கட்டில்.

நவம்பர் 25, நன்றி நாள்

அக்கா விருந்துக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. தட்டில் வான்கோழி போட்டு அனுப்பியிருந்தாள். மூடியில் கரியால் 'முட்டாள்' என்று எழுதியிருந்தது. இரண்டு பங்கு இருந்தது.

நவம்பர் 27, சனி

சிர்க்கா ஃபோன் செய்தாள். குடிலிலிருந்து ஊருக்கு வந்து, பெட்ரோல் பங்கிலிருந்து. ரெய்னோ அவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கட்டிலைக் கொடுத்துவிட்டார்.

மான் விழுந்துவிட்டது. அந்தத் துப்பாக்கியில்தான், ஒரே குண்டு. கொம்பில் பன்னிரண்டு கிளை. இல்லை. அவள் சொன்னது ஆறு. ஆறு கிளைதான்.

"ஊசிய நானே கழட்டினேன் மாமா. அதைப் பிடிச்சிருக்கிற குட்டி முளைய ஆணி வச்சுத் தட்டணும். இருபது நிமிஷம். உள்ள கறுப்பா கோந்து மாதிரி இருந்துச்சு."

"கன்னம் எப்படி இருக்கு?"

"தையல் பிரிச்சாச்சு. குறி நல்லா வச்சிருக்கீங்க மாமா."

"குறி வச்சது நீ. நான் முள்ளை எதிர்ப்பக்கம் திருகினேன்."

அந்தப் பக்கம் சிரித்தாள்.

பக்கங்களைத் திருப்பி அக்டோபர் 17ஐ எடுத்தேன். அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன், அடிக்கவில்லை. இருக்கட்டும். பக்கத்தில் இதையும் எழுதி வைக்கிறேன்: முளையை இரண்டு தட்டுத் தட்டினேன். ஆணி வளைந்தது. ரேடியோவில் ஹாக்கி ஆரம்பித்துவிட்டது. ஊசியை நான் கழற்றவே இல்லை.