உன் ஓ.எஸ். வரப்போகிறதாம்

இன்று காலை கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டும்போது போனில் அந்தச் செய்தி வந்தது. எதைக் கேட்டாலும் தேடிக் கொடுக்கிற அந்த இணையக் கம்பெனி, கம்ப்யூட்டருக்கென்று சொந்தமாக ஒரு புது இயங்குதளம், அதாவது ஓ.எஸ்., கொண்டுவரப் போகிறதாம். போன், மடிக்கணினி, மேசைக் கணினி எல்லாவற்றுக்கும் ஒன்றேயாம். கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை, இப்போதைக்கு ஊகம்தான் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். அந்த வரிக்கு வருவதற்குள் நான் பின்சீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். "டேய், உன் ஓ.எஸ். வருதாம்டா!"

பின்சீட்டில் தையல் பிரிவுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யார்கிட்டக்கா பேசறீங்க?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ செத்து இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. கல்லறையில் மண் தள்ளும்போது நானும் ஒரு பிடி போட்டவள். ஆனாலும் உன்னிடம் சொல்லத் திரும்பியிருக்கிறேன். ஆம்பூரில் இறங்குகிறவரை பின்சீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

இதே பஸ்ஸில்தான் நம் சண்டையெல்லாம் நடந்தது. ஒரே முதலாளியின் ஷூ கம்பெனியில் நான், தோல் பதனிடுகிற டேனரியில் நீ. ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாய். அந்தக் கம்பெனி சொந்த ஓ.எஸ். கொண்டுவந்தே தீரும், இலவசமாகத் தரும், குப்பையில் போட்ட கம்ப்யூட்டரில்கூட ஓடும் என்பாய்.

"பள்ளிக்கூடப் பசங்க லேப்டாப்புக்குன்னு ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்கான்ல? அப்புறம் இன்னாத்துக்கு இன்னொண்ணு?" என்பேன்.

"அது வேற, இது வேற. உனக்குச் சொன்னா புரியாது."

"எனக்குப் புரியும்டா. அவன் விளம்பரம் விக்கிறவன். நம்ம ஊரு டேனரிக் குழியை எட்டிப் பாக்கவா வர்றான்?"

"நீ உருப்பட மாட்டே. எது சொன்னாலும் இல்லைம்பே."

முன்சீட்டிலிருந்து மேரி அக்கா திரும்பாமலே குரல் கொடுப்பாள். "காலையிலயே சட்டசபை கூடிடுச்சுடி. ரெண்டு பேரும் ஒண்ணு கல்யாணம் பண்ணிக்குங்க, இல்ல வாயை மூடிக்குங்க. ஒரே பேஜாரு." பஸ்ஸே சிரிக்கும். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். இது உனக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது எனக்கும் தெரியும்.

வேலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, சென்னையில் அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில் உனக்குக் கிடைத்தது டேனரியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. நம் தெருவே அதைக் கொண்டாடியது. உன் அப்பா அதே டேனரியில் சுண்ணாம்புக் குழிகளில் நின்று கால் தோல் வெந்துபோனவர். மகன் அங்கேயே நாற்காலியில், ஏ.சி. ரூமில். "எந்த வேலை வேணா செய்யி, குழியில மட்டும் இறங்காதே" என்பதுதான் அவர் உன்னிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம். நீயும் என்னிடம் பலமுறை சொன்னாய். "சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்ல. குழியில இறங்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

அந்த ரூமில் இருந்தது ஓர் அரதப்பழசான கம்ப்யூட்டர். அதில் திருட்டு நகலாகப் போட்ட ஓ.எஸ். கழிவுநீர்க் குழியில் விஷவாயு எவ்வளவு என்று சென்சார் சொல்வதை அதுதான் திரையில் காட்ட வேண்டும். அது அடிக்கடி உறைந்துபோகும். உறைந்தாலும் இருட்டாகாது. பழைய எண்ணையும் பச்சை விளக்கையும் அப்படியே காட்டிக்கொண்டு நிற்கும். நீதான் அதைக் கண்டுபிடித்தாய். திரையின் மூலையில் விநாடி ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்தாய். கடிகாரம் நின்றால் எண்ணும் பொய் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாய். புதுக் கம்ப்யூட்டர் கேட்டாய். "ஆடிட் வரட்டும்பா" என்றார்கள்.

ஆடிட் வந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்து பார்க்கிற நாளில் நம் ஊர்க் கம்பெனிகளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? எல்லோருக்கும் புது கையுறை, புது முகமூடி. உன் மேசைக்கு வாடகைக் கம்ப்யூட்டர். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கையுறையை எண்ணி வாங்கிக்கொண்டார்கள், வாடகைக் கம்ப்யூட்டர் போய்விட்டது, உன் பழைய பெட்டி திரும்பி வந்தது. அன்று பஸ்ஸில் நீ மெதுவாகச் சொன்னாய். "அந்த ஓ.எஸ். மட்டும் வரட்டும். இந்தப் பெட்டியிலயே போட்டுடுவேன். குழியில காஸ் ஏறினா என் போன்ல அடிக்கும், மேனேஜர் போன்ல அடிக்கும், சரக்கு வாங்கறவன் போன்லயும் அடிக்கும். அப்புறம் எவனும் வாடகைக்கு எடுத்து வெச்சுப் படம் காட்ட முடியாது."

அன்று நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் கொதித்தது. உயிர் பிழைக்க ஒரு புதுப் பெட்டி வேண்டும். அதைத் தர வேண்டியவன் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு, கடல் தாண்டி எங்கோ இருக்கிற, உன் பெயர்கூடத் தெரியாத ஒரு கம்பெனியை நம்ப வேண்டியதாக இருந்தது உனக்கு.

நீ செத்த சனிக்கிழமை நடந்ததை பம்ப் பார்க்கிற ஏசுபாதம் அண்ணன்தான் என்னிடம் சொன்னார். தோலிலிருந்து வழித்த கொழுப்பும் முடியும் சிக்கி, குழிக்குள் பம்ப் நின்றுவிட்டது. வழக்கமாக இறங்குகிற காண்டிராக்ட் ஆட்கள் வரவில்லை. சூப்பர்வைசர் உன் ரூமுக்கு வந்தார்.

"நீ கொஞ்சம் இறங்கிப் பாருப்பா."

"சார், நான் கம்ப்யூட்டர் பாக்கறவன்."

"உங்க தெருவுல இறங்காதவன் எவன்? உங்கப்பா இறங்கலையா?"

இத்தனை வருஷப் படிப்பை அந்த ஆள் ஒரு வாக்கியத்தில் அழித்துவிட்டான். நீ திரையைப் பார்த்தாயாம். கடிகாரம் நின்றிருந்தது. "சார், நம்பர் பொய். காஸ் எவ்ளோன்னு தெரியல" என்றாயாம். "குழிக்கிட்ட வந்து மோந்து பாரு" என்றாராம் அவர். காலையில் குழிப் பக்கம் நிற்க முடியாத அளவுக்கு அழுகின முட்டை நாற்றம். நீங்கள் குழி வாயில் நின்றபோதும் ஒரு கணம் குப்பென்று அடித்து, பிறகு ஒன்றுமே இல்லையாம். "நாத்தம் போய்டுச்சு தம்பி, காஸ் இறங்கிடுச்சு" என்று ஏசுபாதம் அண்ணனே சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவர் தலையிலடித்துக்கொண்டு அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து நாற்றத்தில் வளர்ந்தவர்கள் நாம். வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்தினால் சிரிப்போம். குழியைப் பற்றி நம் மூக்குக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பினோம். திரையை நம்பாத நீ, நம் மூக்கை நம்பிவிட்டாய்.

நீ இறங்கினாய். கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை.

உன்னைக் கொண்டுபோன வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இந்த காஸ் ஜாஸ்தியாச்சுன்னா மொதல்ல மூக்கைத்தான்மா சாகடிக்கும். நாத்தம் தெரியாது. ஆளுங்க, காஸ் போய்டுச்சுன்னு நெனச்சு இறங்கிடறாங்க." உன் அப்பாவுக்கு அது தெரியாது, ஏசுபாதம் அண்ணனுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. இத்தனை காலமாக இந்தத் தோலில் பணம் பார்த்தவர்களில் ஒருவனுக்குமா தெரியாமல் இருந்திருக்கும்? நாற்றம் நிற்கிற இடத்தில் சாவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. யாரும் சொல்லாமல் நீயாகவே இறங்கிவிட்டாய் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது.

உன் ஓ.எஸ். நிஜமாகவே வரலாம். ஊகம் பலித்து நீ ஜெயித்துவிடலாம். வந்தாலும் அதை அந்தப் பெட்டியில் போடுவதற்கு நீ இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் நான் ஒன்று செய்கிறேன். டேனரிக்குப் புதிதாக வருகிற காண்டிராக்ட் ஆட்கள் பஸ் ஏறினால் விடுவதில்லை. "நாத்தம் அடிச்சாலும் குழிக்கிட்ட போகாதே. திடீர்னு நாத்தம் நின்னா ஓடிடு. எவன் சொன்னாலும் இறங்காதே" என்று சொல்கிறேன். எனக்கு 'நாத்தக்கா' என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

போன வாரம், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்து டேனரியில் சேர்ந்த ஒருவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பஸ் ஸ்டாண்டில் என்னை மடக்கினான். "உன் பேச்சைக் கேட்டு இறங்க மாட்டேன்னேன். வேலையை விட்டே அனுப்பிட்டானுங்க. என் புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?" என்று எல்லோரும் பார்க்கக் கத்தினான். கெட்ட வார்த்தையும் சொன்னான். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "உனக்குப் பதிலா எவனை இறக்கினானுங்க?" என்று கேட்டேன்.

"எவனும் இறங்கல. பம்புல சங்கிலியை மாட்டி மேல தூக்கிட்டானுங்க."

அவன் திரும்பவும் திட்ட ஆரம்பித்தான். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சங்கிலி அங்கேயேதான் இருந்திருக்கிறது. நீ இறங்கின அன்றும் இருந்திருக்கும். முதலில் அவர்கள் அதைத் தேடவில்லை; உன்னைக் கூப்பிட்டார்கள்.

இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன். அவனுடைய வசவை நான் துடைத்துப் போடவில்லை, வைத்திருக்கிறேன். அவனுக்கு வேறு வேலைக்கு நாலு இடத்தில் சொல்லியும் வைத்திருக்கிறேன். கிடைக்கிறவரை என்னைத் திட்டுவான். நாளைக்கும் வந்து திட்டட்டும். உயிரோடு இருக்கிறான், அவனால் முடியும்.