ஏற்காட்டிலிருந்து வந்த எறும்புகள்

1946 பிப்ரவரி 11, திங்கள்

வீட்டுக்குள்ளேயே விலங்கியல் படித்த மனைவி இருக்கும்போது, எறும்பைப் பற்றிக் கேட்க ஒரு மனிதர் ஏற்காட்டுக்கு ஏன் கடிதம் எழுத வேண்டும்? இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தும் பதில் தெரியவில்லை.

காலையில் பனி. குளத்தின் எதிர்க்கரை தெரியவில்லை. நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் தபால்கார காதர் பாய், பார்சலைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி.

"சார், கையெழுத்துப் போட்டு சீக்கிரம் வாங்கிக்கோ. உள்ள இன்னாவோ பிறாண்டிகினு கீது."

"எறும்பு பாய்."

"எறும்பா? மயிலாப்பூர்ல எறும்புக்கா பஞ்சம்? என் வூட்டாண்ட வந்திருந்தா சும்மாவே குட்த்திருப்பேனே!"

"இது ராணியோட வந்திருக்கு பாய்" என்றார் இவர். மேட்டூர் அணையையே தாம் கட்டிவிட்டது போன்ற முகம்.

வந்தவை: மூடியில் ஊசித்துளை போட்ட பிஸ்கட் டின். ஈரப்பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய், அதற்குள் ராணி. கட்டெறும்புகள் முப்பது, முப்பத்தைந்து இருக்கும். செத்தவை நான்கு. ஊதா மையில் கடிதம், நான்கு பக்கம், இருபுறமும்.

அனுப்பியவள் மிஸ் பின்டோ. தபாலில் எறும்பு விற்பது அவள் தொழில். டிசம்பரில் இவர் மராமத்து இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், பேப்பரில் அவளுடைய இரண்டு வரி விளம்பரம். "உயிருள்ள எறும்புகள், ராணியுடன்." அன்று பிடித்தது இந்தப் பித்து. தி. நகரில் கண்ணாடி வெட்டி, தேக்குச் சட்டம் அடித்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே விரல்கடை அகலத்துக்கு மண் நிரப்பிப் பெட்டி தயார். கண்ணாடி வீட்டுக்குள் வந்தபிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

குடைக்கம்பி ஒடிந்திருக்கிறது. சரிசெய்யக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 13, புதன்

வெயில். சமையலறையில் அமளி. பாத்திரம் தேய்க்க வரும் கன்னியம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்து காட்டினாள்.

"இத்த பாரும்மா, எள்ளு கொட்னா மாதிரி கீது."

சாப்பாட்டு அலமாரியின் காலடியில் இருந்த நான்கு கல் கிண்ணங்களையும் காணோம். தண்ணீரோடு எறும்புப் பெட்டி மேஜைக்கு அடியில் இருக்கின்றன. கேட்டால், மிஸ் பின்டோ அப்படித்தான் எழுதியிருக்கிறாளாம்.

கன்னியம்மா: "வெளிய கீற எறும்பு உள்ள வராம இருக்கத்தான் ஊர் பூரா கிண்ணம் வெப்பாங்க. உள்ள கீறது வெளிய பூடாம இருக்க வெச்ச மவராசன் நம்ம ஐயாதான்."

ரேஷன் சர்க்கரை. யுத்தம் முடிந்தும் இதற்கு விமோசனம் இல்லை. தினம் அரைக் கரண்டி கரைத்து ராணி வீட்டாருக்கு. என் காப்பி கசக்கிறது. சொல்லவில்லை. சொன்னால் எறும்புக்குப் போட்டியாக நிற்பது போல் ஆகும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

மிஸ் பின்டோவின் அடுத்த கடிதம் நேற்று. "அன்புள்ள சக எறும்புப் பித்தரே" என்று ஆரம்பம். காப்பி குடித்துக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டினார். முழுவதும் இல்லை. நடுநடுவே கண் மட்டும் ஓடியது, வாய் அசையவில்லை. ஓரிடத்தில் சிரித்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல, ஒரு வேடிக்கை."

கடிதத்தில் நீலகிரித் தைல வாசனை. ஜலதோஷக்காரியாக இருக்கலாம். அப்படி நினைத்ததில் கொஞ்சம் திருப்தி, அதனால் கொஞ்சம் வெட்கம்.

பதில் எழுத உட்காரும் முன் தலை வாரிக்கொண்டார். தபாலில் தலை தெரியுமா என்ன?

கல்யாணமான புதிதில் இவர் வேலையாகப் போன காம்ப்பிலிருந்து எனக்கு வந்த கார்டுகள் இன்னும் பெட்டியில் உள்ளன. "வந்து சேர்ந்தேன். சௌக்கியம். பால்காரனிடம் சொல்லவும்." நாற்பது கார்டு இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஊதா மைக்காரிக்கு இன்று போன ஒரு கடிதத்தின் நீளம் வராது.

மாலை பூதக்கண்ணாடி வாங்க தி. நகர் போனார். வீட்டில் யாருமில்லை. பெட்டியின் கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

சுரங்கம் மூன்று கிளையாகப் போயிருக்கிறது. அடியில் ஓர் அறை. ராணியைச் சுற்றி ஏழெட்டு. ஒன்று முட்டையை வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். நுண்ணோக்கியின் முன் குனிந்த காலத்துக்கு அப்புறம் நான் இவ்வளவு நேரம் எதையும் குனிந்து பார்க்கவில்லை. முழங்கால் மரத்துப்போய்விட்டது.

துணியை எப்படி மடிந்திருந்ததோ அப்படியே போட்டேன். பார்த்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.

பிப்ரவரி 20, புதன்

புழுக்கம். நான்காம் பாரம் பரீட்சைப் பேப்பர் ஒரு கட்டு. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் ஒரு பெண் "ஓர் அறை, அது பொதுவானது" என்று எழுதியிருக்கிறாள். சத்திரம் போலும்.

சாப்பிடும்போது அவர், ரசத்தைப் பார்த்துக்கொண்டே: "அவங்க இன்னொரு டின் அனுப்பறாங்க. முப்பது பத்தலைன்னு நான்தான் கேட்டேன். ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டுடலாமில்ல?"

டிசம்பரிலிருந்து என்னைக் கேட்ட முதல் கேள்வி. இரண்டு மாதமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி.

என் வாயிலிருந்து வந்தது இது: "மிஸ் பின்டோவையே கேளுங்களேன்."

அவர் ரசத்தைப் பிசைந்தார். "சரி, எழுதறேன்."

எனக்குப் பதில் தெரியும். காலேஜில் இரண்டாம் வருஷம், வேறு வேறு புற்றிலிருந்து எடுத்த எறும்புகளை எங்கள் ஆசிரியை ஒரு தட்டில் விட்டுக் காட்டினார். எறும்புக்கு வீடு என்பது வாசனை. ஒரே இனமானாலும் வாசனை வேறு என்றால் அந்நியன். மணி அடிப்பதற்குள் தட்டில் பாதிக்கு மேல் பிணம்.

ஒரே வாக்கியம். "கூடாது, கொன்றுவிடும்." மோர் ஊற்றும்போது சொல்லியிருக்கலாம். ஊற்றினேன், சொல்லவில்லை. அவள் பதில் எழுதட்டும். அதற்குத்தானே இருக்கிறாள்.

பிப்ரவரி 23, சனி

பதிலுக்கு முன்னால் டின் வந்துவிட்டது.

அரைநாள் பள்ளிக்கூடம். திரும்பியபோது பார்சல் மேஜைமேல். அவர் கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் பேப்பர் திருத்த உட்கார்ந்தேன்.

"பதில் இன்னும் வரல" என்றார் இங்கே கேட்கும்படியாக. "ஆனா அவங்களேதானே அனுப்பியிருக்காங்க? கூடாதுன்னா அனுப்புவாங்களா?"

அவளிடம் அவ்வளவு நம்பிக்கை. சிவப்புப் பென்சிலைச் சீவினேன். சீவியிருந்ததையே சீவினேன்.

"வந்து பாரேன். உறவுக்காரங்க வந்திருக்காங்க."

"பேப்பர் இருக்கு."

டின் மூடி திறக்கும் சத்தம். இன்னும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம், இனி சொல்லிப் பயனில்லை என்று நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு விடைத்தாள்கூடத் திருத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வோர் எறும்பும் இன்னொன்றின் காலையோ கழுத்தையோ கவ்வியபடி. சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம். மேல் மூடி இடுக்கு வழியாகப் புளித்த நெடி. ஆசிரியை அந்த அமிலத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதியதுகூட நினைவு வந்தது.

"ஒரே ஜாதிதானே? ஏன்?" என்றார்.

பதில் சொன்னால் முன்பே தெரியும் என்று ஆகிவிடும். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை. காலையிலிருந்து அவர் வண்ணம் தீட்டும் தூரிகையால் கவ்வியவற்றைப் பிரிக்கப் பார்க்கிறார். பிரிந்தாலும் தலை மட்டும் எதிரியின் காலில் தொங்குகிறது. சாப்பிடவில்லை.

கன்னியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "ஐய, எங்க குப்பத்துல தண்ணிக் கொயாயாண்ட தெனம் நடக்கறதுதான். அந்தச் சந்துக்காரி இந்தச் சந்துல கொடம் வெச்சா வுட்ருவாளுங்களா? இது தெரியாமயா ஐயா இங்கிலீஷ்ல லெட்டரு எய்தினாரு?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டம் வேண்டியிருக்கவில்லை.

அவள் போனபின் கேட்டேன். "என்னை ஏன் நீங்க கேக்கவே இல்ல?"

"கேட்டேனே. புதன்கிழமை."

"அதுக்கு முன்னாடி."

தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், கோபமில்லாமல்: "உன்னைக் கேட்டா நீ மார்க் போடுவ. அவங்க போடமாட்டாங்க."

சமையலறைக்குப் போய் என்ன செய்ய வந்தேன் என்று நின்றேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

குடைக்கம்பி சரியாகிவிட்டது. குடை ரிப்பேர்காரன் வெற்றிலைக் கறையோடு திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

மிஸ் பின்டோவின் பதில் வந்தது. படித்துவிட்டு மேஜைமேல் விரித்தபடியே வைத்துவிட்டு உலாவப் போய்விட்டார். மறந்து வைத்தாரா, வைத்துவிட்டுப் போனாரா? படித்தேன்.

இரண்டாம் டின் வேறு புற்று, வேறு பெட்டியில் வைக்க வேண்டும், டின்னிலேயே சீட்டு ஒட்டாதது தன் தவறு என்று மன்னிப்பு. கடைசியில்: "இதை என்னைக் கேட்பானேன்? விலங்கியலில் முதல் வகுப்பு, முதல் வகுப்பு என்று மூன்று கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். உங்கள் மனைவிக்குத் தெரியாததா?"

மூன்று கடிதம்.

இதைப் படித்ததும் வருத்தமல்லவா வந்திருக்க வேண்டும்? வந்தது வேறு. மூன்று முறை அவளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு தடவை இல்லை. என்னைப் பற்றிய நல்ல வார்த்தை எல்லாம் ஏற்காட்டில், ஊதா மைக்காரியின் மேஜை இழுப்பறையில். அதற்கும் அவள்மேல்தான் பொறாமை. என் புத்தி இப்படி.

அப்புறம்தான் அந்த வருத்தம் வந்தது. அதை எழுத வேண்டாம்.

அவள் ஒரு சீட்டு ஒட்டாததற்கு மன்னிப்புக் கேட்கிறாள். நான் வாயைத் திறக்காததற்கு? நாளை காலை சொல்லிவிடப் போகிறேன். எனக்குத் தெரியும், தெரிந்தே விட்டேன் என்று. அதற்குப்பின் இந்த வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வோம், தெரியாது.

பிப்ரவரி 27, புதன்

நடந்தது இது.

காப்பி ஆனதும் சொன்னேன். பெட்டியின் முன் ஸ்டூலில் இருந்தார். கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ 'கேளுங்களேன்'னு சொன்ன சொல்லுலயே தெரிஞ்சுது, கூடாதுன்னு. நீ வாய்விட்டுச் சொன்னாத்தான் கேக்கறதுன்னு இருந்தேன். சனிக்கிழமைகூட வந்து பாருன்னு கூப்பிட்டேன். நீ வரல. டின்னைக் கொட்டினேன்."

அவர் சொன்னது அவ்வளவுதான். கன்னியம்மா முற்றம் பெருக்கும் சத்தம். வெயில் ஏறிக் கண்ணாடியில் பட்டது, துணியை இழுத்துவிடத் தோன்றவில்லை இருவருக்கும்.

அப்புறம் அவர் நகர்ந்து இடம் விட்டார். ராணி உயிரோடு. கூட இருப்பவை பதினொன்று. இரண்டுக்குக் கால் குறைவு.

"இதுல எது பழைய கூட்டம், எது புதுசு? இனிமே ஒத்துப்போகுமா?" என்றார். ரசத்தைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியாது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி தாமதம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. ரிஜிஸ்தரில் காரணம் எழுதச் சொன்னார்கள். எறும்பு என்று எழுதினேன்.