நுண்பொருளியலுக்கு எந்தப் புத்தகம்

அன்பு மகள் சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் அவள் சொல்கிறபடி பார்த்தால் சுகம், மாடிப்படி ஏறுகிறபடி பார்த்தால் அவ்வளவு சுகமில்லை. உன் சுகத்தைப் பற்றி நீ ஃபோனில் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை, அதனால்தான் கடிதம், ஃபோன் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள். செருப்புக் கடையில் வழக்கம்போல் வேலை. மழைக்காலச் சரக்கு வந்து இறங்கிவிட்டது, மழையைத்தான் காணோம். முதலாளி வானத்தைப் பார்த்துவிட்டு என்னை முறைக்கிறார், நான் என்ன செய்ய.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் ஃபோன் செய்தாய். முதல் வருடத் தேர்வில் நுண்பொருளியல் மட்டும் போய்விட்டது, மறுதேர்விலும் போனால் ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட்டு வர வேண்டியதுதான் என்றாய். கூடவே, பேராசிரியர் சொன்ன தடிப் புத்தகம் ஒன்று இருக்கிறது, கீழ் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற ஒல்லிப் புத்தகம் ஒன்று இருக்கிறது, எதை எடுக்கட்டும்ப்பா என்று கேட்டாய். செருப்பு விற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் யோசிப்பதற்குள், எதுவானாலும் சரிப்பா என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாய்.

பிள்ளை கேட்டுவிட்டதே என்று புத்தகக் கடைக்குப் போனேன், கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்வது. மேல்படிப்புக்கு நுண்பொருளியல் புத்தகம் காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, சூழ்நிலை தோதாக இருந்தால் பெருகிக்கொண்டே போகிறது, தீனி தீர்ந்தால் நின்றுவிடுகிறது. வியாபாரமும் அப்படித்தானே, இதைப் போயா கஷ்டம் என்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்துப் படத்தில் வால் முளைத்திருந்தது. அட்டையைத் திருப்பினால் நுண்ணுயிரியல். நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், எதற்கென்று தெரியவில்லை.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற உன் மாமாவை வைத்துக்கொண்டு நான் ஏன் அலைகிறேன், வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் என்று பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். தடிப் புத்தகம்தான் புத்தகம் அத்தான், மத்ததெல்லாம் பொழுதுபோக்கு என்றார். அவரிடமும் அது இருக்கிறது, கம்ப்யூட்டர் திரைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் டீ எடுக்க உள்ளே போன சமயம் திரையைத் தூக்கி உருவிப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயம் வரைக்கும் பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறி. அதற்குப் பிறகு பக்கங்கள் கடையில் வாங்கியபடியே இருக்கின்றன. திரும்ப முட்டுக் கொடுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், கடைசியா அவ என்ன சொன்னா, அதை அப்படியே சொல்லுங்க என்றாள். எதுவானாலும் சரிப்பான்னு சொன்னா என்றேன். மடிப்பதை நிறுத்திவிட்டாள். இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று கேட்டபோது அம்மா எதுவானாலும் சரி என்றாள், நான் பச்சை வாங்கினேன், இன்றுவரை அந்த ஜன்னல் பக்கம் அவள் திரும்புவதில்லை. மனசு விட்டுப்போனால்தான் அவள் அதைச் சொல்வாள். நீ அதைச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை, ஒரு பென்சில் வாங்கக் கடையையே கவிழ்த்துப் போட்டவள் நீ. அவ புத்தகம் கேக்கலைங்க, திரும்பி வந்துரட்டுமான்னு கேக்கிறா, உங்களுக்குத்தான் விளங்கலை என்றாள் அம்மா.

ஆகவே இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். புத்தகத்தில் ஒல்லியை எடு. கடையில் தினமும் பார்க்கிறேன், எட்டாம் நம்பர் கால்காரர் வெட்கப்பட்டு ஏழு கேட்பார், நாலு நாள் நொண்டிவிட்டு மாற்றித் தரச் சொல்லி வந்து நிற்பார். செருப்புக்காகக் காலைத் தறிக்க முடியாது. ஒல்லியை முழுதாக முடித்துவிட்டுத் தடியனைத் திற, அப்போது அது இவ்வளவு முறைக்காது. நூலகத்தில் கூடப் படிக்கிறவர்கள் பார்ப்பார்களே என்றால் தடியனின் மேலுறையைக் கழற்றி ஒல்லிக்குப் போட்டுவிடு, தொளதொளவென்றுதான் இருக்கும், ஓரத்தை உள்ளே மடித்துக்கொள்.

அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை உன் அறையை ஒழித்தேன். இஸ்திரி மேசை, முழங்காலுக்கென்று வாங்கி அம்மா துணி காயப்போடுகிற உடற்பயிற்சி சைக்கிள், காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் வெளியே போட்டேன். சாயங்காலம் வந்த அம்மா ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள். ரூமை ஒழிச்சு வச்சா அவ தோத்துட்டான்னு நாமளே சொல்ற மாதிரி இருக்குங்க என்றாள். ஒழிக்காட்டி வராதேன்னு சொல்ற மாதிரி இருக்கும் என்றேன் நான். சாப்பாடு ஆறும்வரை இதே வழக்கு. கடைசியில் சாமான்கள் அறையிலேயே இருக்கட்டும், கட்டிலை மட்டும் காலியாக வைப்பது என்று தீர்ப்பாயிற்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு, சாப்பிட்டேன் என்று சொல்வதற்காகவாவது சாப்பிடு. எடுத்த காரியம் உனக்கு நல்லபடியாகக் கைகூட எங்கள் இருவர் ஆசியும் உண்டு. தேர்வு முடிந்ததும் எப்படியும் வந்துவிடு, இதை மறக்காதே. பாஸானால் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ, ஆகாவிட்டால் வேண்டிய மட்டும் இரு. இரண்டுக்கும் கட்டில் ஒன்றுதான். இன்று காலை நான் சொல்லாமலே அம்மா அதற்குப் புது விரிப்புப் போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா