தரையைத் தொடாத தூண்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கணக்கில் நான் வகுப்பில் இரண்டாவது. முதலாவது யார் என்று எழுதமாட்டேன்; எழுதினால் கை வலிக்கும். நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: உன் அறைத்தோழி வந்துவிட்டுப் போனாள்.

அவளை ‘அக்கா’ என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. ‘வாங்க’, ‘இந்தாங்க’ என்றே சமாளித்துவிட்டேன். இங்கே ‘அவள்’ என்று எழுதுவதற்குத் திட்டாதே. எனக்கு அக்கா ஒருத்தி போதும்.

எனக்கு என்றைக்கும் எடுக்காத பூப்போட்ட தட்டில் அவளுக்குச் சாப்பாடு. “விடுமுறைக்கு உங்க பெரிய மகளை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்மா” என்றாள். “அதுக்கென்ன, போகட்டுமே” என்று சொல்லிவிட்டு அம்மா உப்பு எடுக்க உள்ளே போனாள். உப்பு மேஜையிலேயே இருந்தது.

பிறகு அப்பா, பழைய வானாய்வுக்கூடத்தைச் சுற்றிக்காட்டச் சொன்னார். காவலாளியின் மகளான எனக்கு அதன் வரலாறு தலைகீழ்ப் பாடம். பள்ளி மலரில் வேறு எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகம் இதைக் கட்டியபோது ஊர் இந்த மேட்டுக்குக் கீழேயே முடிந்துவிட்டது என்று தொடங்கினேன். “அப்புறம் தெருவிளக்கு மேடேறி வந்துச்சு, நட்சத்திரம் மங்கிப்போச்சு, தொலைநோக்கியைக் கழட்டி மலைக்குக் கொண்டுபோயிட்டாங்க, இங்க உடைஞ்ச நாற்காலியைப் போட்டு வச்சாங்க. சரிதானே, பூதக்கண்ணாடி?” என்று அவள் முடித்துவிட்டாள்.

பூதக்கண்ணாடி நீ எனக்கு வைத்த பெயர். ஊருக்குத் தானம் செய்யவா வைத்தாய்?

தூணைப் பற்றியும் அவளிடம் சொல்லியிருக்கிறாய். தொலைநோக்கியைத் தாங்கிய அந்தத் தூண் தனி அஸ்திவாரத்தில் நிற்பதும், யார் நடந்தாலும் அதிராமலிருக்கத் தரைக்கும் அதற்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டிருப்பதும் அவளுக்கு அத்துப்படி. தூண்மேல் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து, ஒருத்தி தரையில் குதிக்க, ஒருத்தி தண்ணீர் அசைகிறதா என்று பார்ப்போமே, அதுகூட. அது நம் இரண்டு பேருடையது என்று நினைத்திருந்தேன்.

அவளே கிண்ணம் கேட்டாள். “நீ குதி, நான் பாக்குறேன்” என்றாள். கோபத்தில் பலமாகவே குதித்தேன். தண்ணீர் நடுங்கியது! அவளுக்குத் தெரிந்ததில் ஒன்றாவது பொய்த்ததே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதற்குள், “உங்க அக்கா நல்லாக் கதை விடுவா போல” என்று சிரித்தாள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீ கதை விடுவாய் என்று நான் சொல்லலாம். அவள் யார் சொல்ல?

மண்டியிட்டுப் பார்த்தேன். இடைவெளியைக் காணோம், வழவழவென்று சிமெண்ட். அந்த அறையை வாசகசாலை ஆக்குகிறார்கள் அல்லவா, சுவர் பூச வந்த கொத்தனார் விரிசல் என்று நினைத்து அடைத்திருக்கிறார். அப்பா போய்க் கேட்டதற்கு, “எலி வருமேன்னு நானாத்தான் அடைச்சேன் அண்ணே, இதுக்குக் கூலிகூட வேணாம்” என்றாராம். அப்பா தலையில் அடித்துக்கொண்டு உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார்.

“நான் சொன்னது தப்பு” என்று அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பக்கம் சிமெண்டைப் பெயர்த்தோம். நகம் உடைந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. நல்லவள்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவது பக்கம் வந்ததும் உளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இது அக்காவுக்கு என்றேன். அவள் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அவள் போன பிறகு அப்பாவைக் குதிக்கச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் நடுங்கத்தான் செய்கிறது. அதிர்வு தூணுக்கு ஏற ஒரு பக்கம் ஒட்டியிருந்தாலே போதுமாம். வாசகசாலை திறப்பதற்குள் அதையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார். உன் விடுமுறைவரை பொறுக்கச் சொல்லி, உளியை என் புத்தக அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அவளையும் வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வா. அவள் குதிக்கட்டும். தண்ணீரை நீயும் நானும் பார்க்கலாம்.

உன் ஒரே தங்கை,
பூதக்கண்ணாடி